கடிவாளம் பிடித்த கை: கலையில் உழைக்கும் குதிரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள வில்லியனூர், சுடுமண் கலைக்குப் பேர்பெற்ற ஊராகும். இவ்வூர்ச் சுடுமண் பொருட்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டுள்ளது. இக்கலையில் வாழ்நாளைச் செலவிட்ட வி. கே. முனுசாமி அவர்களுக்கு 2020ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்களின் எல்லைகளில் ஐயனாருக்கு நேர்ந்துவிடப்பட்ட மண்குதிரைகள் வரிசையாக நிற்பதை வழிப்போக்கர் எவரும் காணலாம். அவை பிற சமயத்தாரின் நம்பிக்கைக்குரியவை. அந்நம்பிக்கையை ஆராய்வது நம் நோக்கமன்று. ஆயினும் ஒரு செய்தி கண்ணில் படாமற் போகாது. கழுத்துமணி, மார்புப்பட்டை, சேணம், கடிவாளம் ஆகிய அனைத்தையும் குயவர் தம் விரல்களால் அக்குதிரையின் மேல் வனைந்திருக்கின்றார். ஒரு குதிரையைப் பணிக்குப் பூட்டுவதற்கு வேண்டிய பொருட்கள் யாவும் அங்குள்ளன. ஆனால் குதிரையோ நின்ற நிலையில் நிற்கின்றது. அது செய்த வேலை எதுவும் அங்கே காட்டப்படவில்லை.

நம் நாட்டுக் கலையில் குதிரை காட்டப்பட்ட விதத்தையே இம்மண்குதிரை சுருக்கிச் சொல்கிறது எனலாம். அழகு காட்டப்பட்டது, உழைப்பு மறைக்கப்பட்டது. எனினும் கூர்ந்து நோக்குவார்க்கு அம்மறைவிலும் சில தடயங்கள் கிட்டும். அத்தடயங்களைத் தேடுவது இஸ்லாமியப் பண்பாட்டு வரலாற்றில் அக்கறை கொண்டோருக்கு இரு வகையில் கடமையாகிறது. இந்நாட்டுக்குக் குதிரைகளைக் கப்பலேற்றிக் கொணர்ந்தவர்களுள் பெரும்பாலோர் முஸ்லிம் வணிகர் என்பது ஒன்று. வாயில்லாப் பிராணியின்பால் மனிதனுக்குள்ள பொறுப்பைப் பற்றி நம் மார்க்கம் தெளிவாகப் பேசியிருக்கிறது என்பது மற்றொன்று.

சேணத்தைப் படித்த அறிஞர்

இத்தேடலுக்கு வழிகாட்டியவர் புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ழான் தெலோஷ். பிரெஞ்சுத் தூரகிழக்கு ஆய்வுப்பள்ளியைச் சேர்ந்த இவர், இந்தியாவின் பழைய சாலைகள், பாலங்கள், படகுகள், கோட்டைகள் ஆகியவற்றை ஆராய்ந்து பல நூல்கள் எழுதினார், 2019இல் மறைந்தார். செஞ்சிக் கோட்டையைப் பற்றியும் பழைய புதுச்சேரி நகரமைப்பைப் பற்றியும் அவர் எழுதிய நூல்கள் பலரும் அறிந்தவை. அவற்றினும் குறைவாகவே அறியப்பட்டது, இந்தியக் கலையில் குதிரையையும் சவாரிக் கருவிகளையும் பற்றி அவர் எழுதி, 1990இல் சென்னையிலிருந்து ஆங்கிலத்தில் வெளிவந்த நூலாகும்.

கலை வரலாற்றாசிரியர் ஒரு சிற்பத்தின் பாணியையும் நளினத்தையும் பார்ப்பார். தெலோஷோ குதிரையின் வாயில் என்ன இருக்கிறது, முதுகில் என்ன இருக்கிறது, வீரனின் கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்த்தார். கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்த சாஞ்சி போன்ற இடங்களின் சிற்பங்களில் இன்றைய அங்கவடி இல்லை. காலை நுழைத்துக்கொள்ள ஒரு வார் வளையமே ஆங்காங்கு தென்படுகிறது. பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளின் ஒய்சளச் சிற்பங்களுக்கு வரும்போது அங்கவடி தெளிவாகக் காணப்படுகிறது. காலூன்றும் ஒரு சிறு வளையம் வந்தபின் வீரன் எழுந்து நின்று ஈட்டி எறியவும் திரும்பி அம்பு எய்யவும் இயன்றது. போர்முறை மாறியது; குதிரையின் தேவை பெருகியது. மன்னர்களின் பேராசையையும் வணிகர்களின் கப்பல்களையும் நாம் அந்த வளையத்தின் வழியே கண்டுகொள்ள முடிகிறது.

இம்முறைக்கு எல்லையும் உண்டு என்பதை மறத்தலாகாது. சென்னைத் தீவுத்திடலருகே நிற்கும் சர் தாமஸ் மன்றோவின் சிலையைப் பலரும் பார்த்திருப்பர். 1839இல் நிறுவப்பட்ட அச்சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. அதைக்கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வெறும் முதுகில் சவாரி செய்தனர் என்று முடிவு கட்டினால் அது நகைப்புக்கிடமாகும். ஆதலின் ஒரு சிற்பத்தைப் பல சிற்பங்களோடும், சிற்பத்தை எழுத்துச் சான்றோடும் ஒப்பிட்டே பொருள் கொள்ளல் வேண்டும்.

கடல் கடந்து வந்த குதிரை

எழுத்துச் சான்றுகள் நமக்குக் குறைவின்றிக் கிடைத்துள்ளன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக்கு நடந்த குதிரை வணிகத்தை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். கீஷ் தீவின் அதிபதியான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் தம்முடைய குதிரைகளில் ஆண்டுக்கு 1,400 அனுப்புவதென ஒப்பந்தம் இருந்தது. பாரசீக வளைகுடாவின் பிற துறைமுகங்களிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து ஆண்டுக்குப் 10,000 குதிரைகள் என்றும், ஒரு குதிரையின் விலை 220 பொற்காசுகள் என்றும் அவர் கூறுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீன் பாண்டிய அரசவையில் உயர்பதவி வகித்தவர். காயல் முதலிய துறைகள் அவருடைய பொறுப்பில் இருந்தன. தமிழக முஸ்லிம்களின் பெருமைக்குரிய அத்தியாயமாக இதனை நம் எழுத்தாளர் பலர் குறிப்பிட்டுள்ளனர், அது பொருத்தமே.

ஆயின் அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விதியும் இருந்தது. வழியில் கடலில் இறந்துபோகும் குதிரைக்கும் அரசுக் கருவூலம் முழு விலையைச் செலுத்த வேண்டும் என்பதே அது. சுமார் இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் விசயநகரத்திலும் இதே வழக்கம் நீடித்தது. நரசிங்க மன்னர் காலத்தில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த குதிரைகளில் கடலில் மடிந்தவற்றின் வாலை மட்டும் கொண்டுவந்து காட்டினாலும் உயிருள்ள குதிரையின் விலை கொடுக்கப்பட்டது எனப் போர்த்துகீசியரான நூனிஸ் எழுதுகிறார்.

மார்க்கோ போலோவின் கூற்று இதனினும் கடுமையானது. மஅபர் மன்னர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்குக் குறையாமல் வாங்குவர் என்றும், ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் கூறுகிறார். குதிரை வைத்தியம் அறிந்தோர் அந்நாட்டில் இல்லை. குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் விற்கலாம் என்பதனால் வைத்தியர் எவரும் அங்குச் செல்லாதவாறு வணிகர்களே தடுத்தனர் என்பது அவருடைய குற்றச்சாட்டு. அயல்நாட்டுப் பயணியின் கணக்கில் மிகை இருக்கக்கூடும். இந்நாட்டின் வெப்பமும், பழக்கமில்லாத தீனியும் குதிரைகளின் இறப்புக்குக் காரணங்களாக இருந்தன என்பதும் உண்மை. எனினும், மூன்று வெவ்வேறு சாட்சிகளும் ஒரே திசையைச் சுட்டும்போது நாம் முகத்தைத் திருப்பிக்கொள்ளல் நேர்மையாகாது. குதிரையின் சாவிலும் இலாபம் கண்ட வாணிகம் ஒன்று இருந்தது. அதில் நம்மவர்க்கும் பங்கு இருந்தது.

கல் காட்டுவதும் காட்டாததும்

இவ்வளவு பெரிய வாணிகம் கலையில் எவ்வாறு பதிந்தது? ஹம்பியில் மகாநவமி மேடையின் பக்கச் சுவர்களிலும், ஹசார ராமர் கோயிலின் வெளிமதிலிலும் நீண்ட வரிசைகளில் குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றை நடத்திச் செல்வோருள் நீண்ட அங்கியும் தொப்பியும் அணிந்த அயலவர் காணப்படுகின்றனர். அவர்களை அரபு, பாரசீக, துருக்கிய நாடுகளின் வணிகராகவும் குதிரைப் பணியாளராகவும் ஆய்வாளர் கருதுவர். ஒரு கை கடிவாளத்தைப் பிடித்திருக்க, குதிரை தலைதாழ்த்தி அடியெடுத்து வைக்கிறது. வீரன் ஏறாத, ஆரவாரமில்லாத குதிரை. நடந்து வந்த களைப்புள்ள குதிரை. உழைக்கும் குதிரைக்கு மிக அருகில் நம் சிற்பி வந்த இடங்களுள் இது ஒன்று.

ஸ்ரீரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் நிலைமை வேறு. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தூண்களில் குதிரைகள் முன்னங்கால்களைத் தூக்கி விண்ணை நோக்கிப் பாய்கின்றன. கீழே காலாட்களும் விலங்குகளும் நெரிகின்றனர். வார்களின் முடிச்சுக்கூடத் தெரியுமாறு செதுக்கிய சிற்பியின் திறன் வியக்கத்தக்கது. ஆனால் அது வெற்றியின் உருவம், அதில் உழைப்பில்லை. ஆண்டு முடிவதற்குள் லாயத்தில் மடிந்துபோன குதிரை எந்தத் தூணிலும் இடம்பெறவில்லை.

கதைகளோ சில வேளைகளில் கல் சொல்லாததைச் சொல்லிவிடுகின்றன. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கச் சென்ற மாணிக்கவாசகரின் வரலாறு சைவ மரபில் புகழ்பெற்றது. கடற்கரையில் அயல்நாட்டு வணிகரிடம் குதிரை வாங்குவதற்கெனக் கொடுக்கப்பட்ட அரசுப் பணம் வேறு வழியில் செலவானது. இறைவனே குதிரை வணிகர் கோலத்தில் குதிரைகளைக் கொணர்ந்தார். இரவில் அவை நரிகளாய் மாறி மறைந்தன. இக்கதை ஆவுடையார்கோயில் சிற்பத்திலும் இடம்பெற்றுள்ளது. அதன் சமயப் பொருளை அச்சமயத்தாரே அறிவர். எனினும், பெரும்பொருள் கொடுத்து வாங்கிய குதிரை விடியுமுன் இல்லாமற் போய்விடும் என்ற ஓர் அரசின் அச்சத்தையும் நாம் அதில் கேட்கலாகாதா?

இங்கு ஒரு சொல்லையும் நினைவுகூர்தல் தகும். தமிழ் முஸ்லிம்களில் ஒரு பெரும் பிரிவினர் ராவுத்தர் எனப்படுகின்றனர். குதிரை வீரனைக் குறிக்கும் அச்சொல் வடமொழியின் 'ராஜபுத்ர' என்பதிலிருந்து மருவியது என்பது மொழியறிஞர் பலரின் கொள்கை. அருணகிரிநாதர் மயிலேறும் முருகனையே ராவுத்தன் என விளித்திருக்கிறார். குதிரையோடு கொண்ட உறவையே பெயராகத் தாங்கிய ஒரு சமூகம், அக்குதிரை எவ்வாறு நடத்தப்பட்டது என்ற கேள்வியையும் தனக்குரியதாக ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

திருக்குர்ஆனின் நூறாவது அத்தியாயம் மூச்சிரைக்க விரைந்தோடும் குதிரைகளின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. குளம்பிலிருந்து எழும் தீப்பொறியும், கிளம்பும் புழுதியும் அதில் சுட்டப்படுகின்றன. உழைப்பில் ஈடுபட்ட குதிரையை அதன் மூச்சினால் அடையாளம் காட்டும் முறை இது. அந்நஹ்ல் அத்தியாயம் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவை ஏறிச்செல்வதற்கும் அலங்காரத்திற்குமாகப் படைக்கப்பட்டவை எனக் கூறுகிறது. பயனும் அழகும் அங்கே ஒருங்கே பேசப்படுகின்றன. கலைஞர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே எடுத்துக்கொண்டனர்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் குதிரையின் முகத்தைத் தம் மேலாடையாலேயே துடைத்துக்கொண்டிருந்த செய்தி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இடம்பெறுகிறது. வாகனப் பிராணிகளின் முதுகை மேடையாக்கி நெடுநேரம் அமர்ந்து பேசிக்கொண்டிராதீர்கள் என்ற அறிவுரை அபூதாவூதில் காணப்படுகிறது. குதிரையின் பிடரியையும் வாலையும் கத்தரிக்கலாகாது. பிடரி அதற்கு வெதுவெதுப்பு, வால் ஈயோட்டும் விசிறி என்ற கருத்துள்ள அறிவிப்பும் அதே தொகுப்பில் உண்டு. செத்த குதிரையின் வாலை அறுத்து விலை பெற்ற வாணிகத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்ப்போர்க்கு வேறு விளக்கம் தேவையில்லை.

உருவங்களைப் பற்றிய மார்க்கச் சட்டம் விரிவானது. அறிஞர்களிடையே கருத்து வேறுபாடுகளும் உள்ளது. ஆயினும் குதிரை உருவம் பற்றிய ஓர் இனிய நிகழ்ச்சியும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கிடையே துணியாலான இறக்கைகள் பொருத்திய ஒரு குதிரை இருந்தது. குதிரைக்கு இறக்கையா என நாயகம் (ஸல்) அவர்கள் வினவ, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்தனவே என அன்னையார் விடையிறுக்க, அண்ணலார் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள்.

முஸ்லிம் நாடுகளின் ஏட்டுச் சித்திரங்களில் உழைக்கும் குதிரை சிறப்பிடம் பெற்றது மருத்துவ நூல்களிலேயாகும். 1209இல் பக்தாதில் படியெடுக்கப்பட்ட 'கிதாபுல் பைதரா' எனும் குதிரை வைத்திய ஏடு அவற்றுள் பழமையானது. அதில் குதிரையும் அதைப் பராமரிப்போரும் எளிய கோடுகளில் காட்டப்பட்டுள்ளனர். நம் நாட்டிலும் இத்தகைய அறிவு இல்லாமலில்லை. சாலிஹோத்திரர் பெயரால் வழங்கிய வடமொழிக் குதிரை நூல் பாரசீகத்தில் பெயர்க்கப்பட்டது. நகுலரின் பெயரால் வழங்கும் அசுவ சாத்திரம் ஓவியங்களுடன் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் வெளியீடாக 1952இல் வந்தது. ஏட்டில் அறிவு இருந்தும் லாயத்தில் குதிரை மடிந்தது என்றால், குறை கல்வியில் இல்லை, அக்கறையிலேதான் இருந்தது.

தக்காணத்தில் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய ஓர் ஓவிய மரபு இவ்விடத்தில் நம்மை நிறுத்துகிறது. பிஜப்பூரைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ஓவியம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் விலா எலும்புகள் எண்ணத்தக்க ஒரு நலிந்த குதிரை. அதன் மேல் அதனைப் போலவே நலிந்த மனிதன். சூபிக் கருத்துப்படி அக்குதிரை அடக்கப்பட வேண்டிய 'நப்ஸ்' எனும் கீழான மனத்தின் சின்னம் என்பர். இருக்கலாம். ஆனால் ஓவியன் எங்கோ உண்மையாகவே பட்டினி கிடந்த ஒரு குதிரையைக் கண்டிராவிடில், அந்த எலும்புகளை அவ்வாறு வரைந்திருக்க முடியாது. உருவகத்தின் உள்ளே ஓர் உண்மைக் குதிரை நிற்கிறது.

குதிரைக்காரனும் புல்லுக்காரியும்

மீண்டும் நம் கடற்கரைக்கு வருவோம். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் குதிரை பெரும்பாலும் வெகுமதிப் பொருளாகவே வருகிறது. நவாபுகளும் கவர்னர்களும் தமக்குள் குதிரைகளைப் பரிசளித்துக்கொண்டனர். செஞ்சித் தேசிங்கு ராஜனின் கதைப்பாடலிலோ குதிரைகள் பெயரோடு வாழ்கின்றன. தேசிங்கின் குதிரையையும், அவனுக்காக உயிர்நீத்த முஸ்லிம் நண்பனின் குதிரையையும் மக்கள் மறக்கவில்லை. ஆனால் அக்குதிரைகளுக்குக் கொள்ளு வைத்தவனின் பெயர் எங்கும் இல்லை.

அவனுக்கு முதன்முதலில் முகம் கிடைத்தது ஐரோப்பியர் கேட்டு வாங்கிய ஓவியத் தொகுதிகளில்தான். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து தஞ்சை முதலிய ஊர்களில் நம் ஓவியர்கள் இந்நாட்டுச் சாதிகளையும் தொழில்களையும் இணை இணையாக வரைந்து விற்றனர். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளின் மக்களைக் காட்டும் அச்சுப்படங்கள் பூர்னூப் என்ற கீழைமொழி அறிஞரின் விளக்கத்துடன் 1827 முதல் 1835 வரை பாரிசில் வெளியாயின. இவ்வகைத் தொழில் ஓவியங்களில் அடிக்கடி இடம்பெறும் ஓர் இணை குதிரைக்காரனும் அவன் மனைவியான புல்லுக்காரியும் ஆவர். கணவன் குதிரைக்குரிய கருவிகளோடு நிற்பான். மனைவி தலையில் புல்லுக்கட்டோடு நிற்பாள். வெள்ளைத்துரையின் ஒரு குதிரை ஓட வேண்டுமானால் ஒரு குடும்பமே வெயிலில் புல் செதுக்க வேண்டியிருந்தது. வாங்கியவர்கள் அதை வேடிக்கைப் படமாக வாங்கினர். நாமோ அதில் உழைப்பின் கணக்கைக் காண்கிறோம்.

புதுச்சேரியின் பழைய அஞ்சலட்டைப் படங்களில் இன்னொரு காட்சி உண்டு. அது புஷ் வண்டி. பிரெஞ்சுக்காரர் அமர்ந்திருக்க, பின்னாலிருந்து ஆட்கள் தள்ளிச் செல்லும் வண்டி. குதிரை இருக்க வேண்டிய பணியில் மனிதன் நின்றான். விலங்கின் வேதனைக்குப் பழகிப்போன கண் மனிதனின் வேதனைக்கும் எளிதில் பழகிவிடும் என்பதற்கு அப்படங்களைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

முள்ளில்லாத கடிவாளம்

பின்னர் ஜட்கா வண்டி வந்தது. தமிழ் நகரங்களில் முஸ்லிம் வண்டிக்காரர் பலர் அதனால் குடும்பம் காத்தனர். இன்று அதுவும் அருகிவிட்டது. எனினும் கடற்கரைகளிலும் மலைவாழிடங்களிலும் சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் குதிரைகள் இருக்கின்றன. வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளைப் பற்றி இந்திய அரசு 1965இல் விதிகள் வகுத்தது. ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பணியில் பூட்டலாகாது. முள் பதித்த கடிவாளம் கூடவே கூடாது. சட்டம் எழுதியவர்கள் எந்த மார்க்கத்தினராயினும், அந்த விதிகளைப் படிக்கும் முஸ்லிமுக்கு அவை புதியனவாகத் தோன்றா.

வில்லியனூர்க் குயவர் மண்குதிரையின் வாயில் இட்ட கடிவாளம் மண்ணாலானது. அது குதிரையைக் குத்தாது. உயிருள்ள குதிரையின் வாயில் என்ன இருக்கிறது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும். தெலோஷ் சிற்பங்களில் தேடியதும் அதுவே. அடுத்த முறை கோயில் மண்டபத்திலோ, அருங்காட்சியகத்திலோ, கடற்கரையிலோ ஒரு குதிரையைக் காணும்போது அதன் பாய்ச்சலை வியந்து நின்றுவிடாமல், கடிவாளத்தையும் அதைப் பிடித்த கையையும் ஒரு கணம் நோக்குவோமாக. அந்தக் கை நம் முன்னோருடையதாக இருந்திருக்கலாம். அமானிதமாக ஒப்படைக்கப்பட்ட ஓர் உயிரை அது எவ்வாறு நடத்தியது என்ற கேள்விக்கு அவர்கள் தம் இறைவனிடம் விடை கூறுவர். நம் கைகளுக்கு நாமே விடை கூற வேண்டும்.